கொலைக்குக் கொலை நீதியாகுமா?

(பத்தாம் வகுப்பு மாணவி)



நாளிதழில் ஒரு கொடுங்கொலைச் செய்தி வெளிவந்துவிட்டால், அன்று காலையே அதற்குத் தீர்ப்பும் வழங்கப்பட்டுவிடுகிறது. தேநீர்க் கடையிலும், பேருந்து நிலையத்திலும், குழாயடியிலும் அத்தீர்ப்பைக் கேட்கலாம். "இவனையெல்லாம் நடுத்தெருவில் வைத்துத் தூக்கில் போட வேண்டும்" என்பார் ஒருவர். "தூக்கு எதற்கு? அவன் செய்ததையே அவனுக்கும் செய்ய வேண்டும்" என்பார் மற்றொருவர். இச்சொற்களில் இருப்பது வெறும் கோபம் என்று தள்ளிவிட முடியாது. "ஒரு உயிரின் விலை இவ்வளவுதானா?" என்ற நீதியுணர்வும் அவற்றில் கலந்திருக்கிறது. அந்த நீதியுணர்வு எதுவரை சரியானது, எந்த இடத்தில் வழி தவறுகிறது என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தண்டனை எதற்காக?

குற்றவாளியைத் தண்டிப்பதற்கு அறிஞர்கள் நான்கு காரணங்களைக் கூறுவர். முதலாவது, செய்த தீமைக்கு ஈடாக அவனும் துன்பம் அடைய வேண்டும் என்பது. இரண்டாவது, அதைப் பார்த்து மற்றவர் அஞ்ச வேண்டும் என்பது. மூன்றாவது, அவன் மீண்டும் தீமை செய்யாதபடி அடைத்துவைக்க வேண்டும் என்பது. நான்காவது, அவனைத் திருத்த வேண்டும் என்பது.

இவற்றுள் அச்சத்தைப் பற்றி முதலில் பார்ப்போம். அதற்கு நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. கோவில்பட்டியிலிருந்து திருநெல்வேலிக்குப் பேருந்தில் போகும்போது இடையில் கயத்தாறு வருகிறது. அங்கேதான் 1799 ஆம் ஆண்டு அக்டோபர் 16 ஆம் நாள் வீரபாண்டிய கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார். தளபதி பானர்மேன் அதை மறைவாகச் செய்யவில்லை. சுற்றுப்புறப் பாளையக்காரர்களை வரவழைத்து, அவர்கள் கண்முன்னே செய்தான். "இனி யாரும் எதிர்த்து நிற்காதீர்கள்" என்பதே அதன் பொருள். ஆனால் நடந்தது என்ன? 1801 பிப்ரவரியில், அவருடைய தம்பி ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பினார். இடிக்கப்பட்ட பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை மீண்டும் எழுந்தது. ஆங்கிலேயர் மறுபடியும் பெரும்படை திரட்டிப் போரிட வேண்டியதாயிற்று. பார்த்தவர்கள் எல்லாரும் அஞ்சி அடங்கிவிடவில்லை. சிலர் மேலும் கொதித்தெழுந்தனர். கட்டபொம்மன் நம் கண்ணுக்குக் குற்றவாளி அல்லர், வீரர். இருப்பினும் தண்டனையைக் காட்சியாக்கினால் அச்சம் மட்டுமே விளையும் என்று எண்ணுவது தவறு என்பதற்கு நம் மண்ணிலேயே சான்று இருக்கிறது.

அச்சத்தை மட்டும் நோக்கமாகக் கொள்வதில் மற்றொரு குறையும் உண்டு. ஊரை அச்சுறுத்துவதுதான் முக்கியம் என்றால், தூக்கில் தொங்குபவன் உண்மையான குற்றவாளியாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம்கூட இல்லாமல் போய்விடும் அல்லவா? ஆகவே, "குற்றம் செய்தவன் மட்டுமே, அவன் செய்த அளவுக்கு மட்டுமே தண்டனை பெற வேண்டும்" என்ற கொள்கை நமக்குத் தேவைப்படுகிறது. இது முதற்காரணமாகிய ஈடு என்பதிலிருந்து வருவது. எனவே அந்தக் காரணத்தைப் பழைய காலத்துக் காட்டுமிராண்டித்தனம் என்று ஒதுக்கிவிடலாகாது.

கண்ணுக்குக் கண்

ஏறத்தாழ 3,750 ஆண்டுகளுக்கு முன் பாபிலோனை ஆண்ட ஹமுராபி மன்னன், கண்ணுக்குக் கண் என்ற சட்டத்தைக் கல்லில் பொறித்துவைத்தான். விவிலியத்தின் பழைய ஏற்பாட்டிலும் அதே விதி உள்ளது. அதைக் கேட்டதும் நமக்குக் கொடுமையாகத் தோன்றுகிறது. ஆனால் அது பிறந்த காலத்தை எண்ணிப் பார்க்க வேண்டும். ஒருவனுடைய கண் போனால், அவன் சுற்றத்தார் கூடிச் சென்று எதிரியின் குடும்பத்தையே வெட்டிச் சாய்த்த காலம் அது. அப்போது சட்டம் குறுக்கே வந்து, "ஒரு கண்ணுக்கு ஒரு கண்தான், அதற்கு மேல் கூடாது" என்றது. அதாவது, பழிவாங்கு என்று தூண்டுவதற்காக மட்டுமன்று, பழிக்கு ஓர் எல்லை கட்டுவதற்காகவும் அவ்விதி பிறந்தது.

நம் நாட்டில் மனுநீதிச் சோழன் கதையை அறியாதவர் யார்? கன்றின் மேல் தேரை ஏற்றிய தன் மகன் மீது தானே தேரைச் செலுத்தினான் மன்னன். சென்னை உயர்நீதிமன்ற வளாகத்தில் அவனுக்குச் சிலை உண்டு. அக்கதையில் நாம் வியப்பது எதை? இளவரசன் இறந்ததையா? இல்லை. வாயில்லாப் பசுவின் கன்றுக்கும் அரசன் மகனுக்கும் ஒரே நீதி என்றானே, அதைத்தான் வியக்கிறோம். மேலும் அக்கதையின் முடிவில் இறைவன் தோன்ற, கன்றும் இளவரசனும் உயிர்பெற்று எழுந்தனர் என்பர். கதையில் எழுந்துவிடலாம். நம் நீதிமன்றங்கள் ஒருவனைத் தூக்கிலிட்ட பிறகு அவனை எழுப்ப எந்தத் தேர்வீதியிலும் வழியில்லை.

பழியும் தண்டனையும்

பழிவாங்குதலும் தண்டனையும் ஒன்றா? வெளிப்பார்வைக்கு இரண்டும் ஒன்று போலத் தோன்றும். ஆனால் பழி என்பது பாதிக்கப்பட்டவன் தன் கையால் செய்வது. அவனே வாதி, அவனே நீதிபதி. அதற்கு அளவில்லை. கொன்றவன் கிடைக்காவிட்டால் அவன் தம்பி போதும், அவன் சாதிக்காரன் ஒருவன் போதும் என்று அது இறங்கிவரும். அதற்கு முடிவும் இல்லை. இன்று கொன்றவன் மகன் நாளை கொல்லப்படுகிறான். நாளை மறுநாள் வேறொரு வீட்டில் ஒப்பாரி எழுகிறது. திருநெல்வேலி, தூத்துக்குடிச் சீமையில் வாழும் நமக்கு இதை விளக்கவும் வேண்டுமா? 2024 டிசம்பர் 20 ஆம் நாள் திருநெல்வேலி மாவட்ட நீதிமன்ற வாசலிலேயே ஓர் இளைஞர் பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்டார். முன்பு நடந்த ஒரு கொலைக்குப் பழியாக இது நிகழ்ந்தது என்று செய்திகள் கூறின. நீதி கேட்பதற்கென்று கட்டிய வாசலில், நீதிமன்றத்தையே நம்பாத அரிவாள் வந்து நின்றது.

சட்டம் தன் கடமையைச் செய்யாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் தமிழ்நாட்டில் ஒரு துயரச் சான்று உண்டு. 1968 டிசம்பர் 25, கிறிஸ்து பிறப்பு நாளன்று இரவு, அன்றைய தஞ்சை மாவட்டத்துக் கீழவெண்மணியில் 44 பேர் ஒரு குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டனர். அவர்களுள் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும் ஆவர். கூலி உயர்வு கேட்ட தாழ்த்தப்பட்ட உழவுத் தொழிலாளர் குடும்பங்கள் அவை. 1970 இல் அமர்வு நீதிமன்றம் நிலக்கிழார் ஒருவருக்கும் வேறு சிலருக்கும் 10 ஆண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. 1973 இல் உயர்நீதிமன்றம் அவர்களை விடுதலை செய்தது. 1980 டிசம்பரில் அந்த நிலக்கிழார் வெட்டிக் கொல்லப்பட்டார். அந்தக் கொலையை நான் சரியென்று கூறவில்லை. 44 உயிர்களுக்கு ஒருவரும் பொறுப்பில்லை என்று சட்டம் கைவிரித்தால், அந்த இடம் வெறுமையாகக் கிடக்காது. அரிவாள் வந்து அமர்ந்துகொள்ளும் என்பதையே சொல்கிறேன்.

ஆகவே, "தண்டனையே வேண்டாம், எல்லாரையும் மன்னித்துவிடுவோம்" என்பதும் நீதியாகாது. இறந்தவருடைய உயிருக்கு மதிப்பு உண்டு என்று ஊரறியச் சொல்வது தண்டனைதான்.

களையெடுக்கும் கை

கொடிய கொலைகாரரை அரசன் ஒறுப்பது பயிரைக் காக்கக் களையெடுப்பதைப் போன்றது என்று திருக்குறளில் செங்கோன்மை அதிகாரத்தின் இறுதிக் குறள் கூறுகிறது. மரண தண்டனையை ஆதரிப்போர் இதைத் தவறாமல் எடுத்துக்காட்டுவர். கரிசல் மண்ணில் பிறந்த நமக்கு இந்த உவமை நன்றாகவே விளங்கும்.

ஐப்பசி மழைக்குப் பின் நம் பருத்திக்காட்டில் களையெடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஈரக்கரிசல் காலில் அப்பிக்கொள்ளும். நடப்பதே பாடாக இருக்கும். இருந்தாலும் களையெடுக்கும் பெண்கள் குனிந்த தலை நிமிராமல், ஒவ்வொரு செடியாகப் பார்த்துத்தான் களைக்கொத்தியைப் போடுவார்கள். ஏனென்றால் துத்திச் செடியும் பருத்தியின் இளஞ்செடியும் முளைவிட்ட புதிதில் ஒன்று போலவே இருக்கும். அவசரத்தில் பருத்தியை வெட்டிவிட்டால், அதை மறுபடியும் ஊன்றி வைத்தாலும் வேர் பிடிக்காது. மானாவாரிக் காட்டில் அந்தப் பருவம் அந்தச் செடிக்குப் போனது போனதுதான்.

இந்த உவமை நமக்கு இரண்டு உண்மைகளை உணர்த்துகிறது. களையெடுக்காத காடு விளையாது. தண்டிக்காத நாடும் அப்படியே. ஆனால் பார்க்காமல் வெட்டும் கை களையெடுக்கும் கை அன்று. வள்ளுவரும் வெருவந்த செய்யாமை என்னும் அதிகாரத்தில், தக்கபடி ஆராய்ந்து, குற்றத்துக்கு ஒத்த அளவில், மீண்டும் நிகழாதவாறு தண்டிப்பவனே அரசன் என்று கூறுகிறார். ஆராய்ச்சி, அளவு என்ற இரண்டும் அவர் போட்ட நிபந்தனைகள். இக்காலத்து அனுபவத்தைக் கொண்டு மூன்றாவதாக ஒன்றை நாம் சேர்க்கலாம்: தவறு நேர்ந்தால் திருத்திக்கொள்ள வழியிருக்க வேண்டும்.

நம் சட்டம் கூறுவது

கொலைக்கு நம் நாட்டில் மரண தண்டனை அல்லது ஆயுள் தண்டனை விதிக்கப்படும். 1860 ஆம் ஆண்டு இந்திய தண்டனைச் சட்டத்தில் 302 ஆம் பிரிவாக இருந்த இது, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 103 ஆம் பிரிவாக உள்ளது. மரண தண்டனை விதிக்கும் நீதிபதி அதற்குரிய சிறப்புக் காரணங்களை எழுத வேண்டும் என்று 1973 ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டம் விதித்தது. 1980 இல் பச்சன் சிங் வழக்கில் உச்சநீதிமன்றம், அரிதிலும் அரிதான வழக்கில் மட்டுமே தூக்கு என்று வரையறுத்தது. தமிழ்நாட்டில் கடைசியாக ஒருவர் தூக்கிலிடப்பட்டது 1995 ஏப்ரலில், சேலம் சிறையில்.

"ஆயுள் தண்டனை என்றால் 14 ஆண்டுதானே?" என்று பலர் எண்ணுகின்றனர். அது சரியன்று. ஆயுள் என்றால் ஆயுள் முழுவதும் என்பதே சட்டம். கொலை போன்ற குற்றங்களில் குறைந்தது 14 ஆண்டுகளாவது சிறையில் கழித்த பின்னரே அரசு விடுதலையைப் பற்றி எண்ணிப் பார்க்கலாம். 2008 இல் உச்சநீதிமன்றம், குறிப்பிட்ட ஆண்டுகள் முடியும் வரையிலோ வாழ்நாள் முழுவதுமோ விடுதலை தரலாகாது என்று சேர்த்தே தண்டிக்கலாம் என்றும் தீர்ப்பளித்தது. ஆகவே தூக்கு இல்லையென்றால் தண்டனையே இல்லை என்று கருத வேண்டியதில்லை.

மூன்று மாணவியரின் வழக்கு

இக்கொள்கைகளை ஓர் உண்மை வழக்கில் வைத்துப் பார்ப்போம். 2000 பிப்ரவரி 2 ஆம் நாள், கோவை வேளாண்மைப் பல்கலைக்கழக மாணவியர் கல்விச் சுற்றுலா சென்ற பேருந்து தருமபுரி அருகே நின்றது. ஓர் அரசியல் தலைவருக்கு எதிராக நீதிமன்றம் அன்று வழங்கிய தீர்ப்பைக் கண்டித்துக் கிளம்பிய கட்சிக்காரர்கள், அந்தப் பேருந்துக்குத் தீவைத்தனர். மூன்று மாணவியர் கருகி மாண்டனர். அவர்களுக்கும் அந்தத் தீர்ப்புக்கும் என்ன தொடர்பு? ஒன்றுமில்லை. நம் அக்காமார்களைப் போலப் படித்துக்கொண்டிருந்தவர்கள், அவ்வளவே.

2007 இல் மூவருக்குத் தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. 2010 இல் உச்சநீதிமன்றமும் அதை உறுதி செய்தது. ஆனால் 2016 இல் அதே உச்சநீதிமன்றம் மறு ஆய்வு செய்து, ஆயுள் தண்டனையாகக் குறைத்தது. கூட்டத்தின் வெறியில் நிகழ்ந்தது, அம்மாணவியர் மீது முன்பகை இல்லை, திட்டமிட்ட கொலை அன்று என்பன அதற்கான காரணங்கள். 2018 நவம்பரில், ஒரு தலைவரின் நூற்றாண்டு விழாவையொட்டிச் சிறைவாசிகளை விடுவிக்கும் திட்டத்தில் அம்மூவரும் விடுதலை பெற்றனர்.

இதை நாம் எவ்வாறு மதிப்பிடுவது? அம்மூவரும் தூக்கில் தொங்கியிருந்தாலும் மாணவியர் எழுந்து வந்திருக்க மாட்டார்கள். ஆகவே தூக்கைக் குறைத்தது நீதிக்குப் பொருந்துவதே என்று நான் கருதுகிறேன். ஆயினும் விடுதலையைப் பற்றி என் மனம் அவ்வாறு அமைதியடையவில்லை. சிறைக்குள் ஒருவன் திருந்தினான் என்று ஆராய்ந்து விடுவிப்பது ஒன்று. விழாவின் பெயரால் விடுவிப்பது வேறு. பெற்ற மகளை இழந்த தாய்க்கு, "உன் மகளின் கணக்கு விழாவோடு தீர்ந்தது" என்று யார் சொல்வது? தண்டனையின் அளவு கோபத்தால் கூடவும் கூடாது. அரசியலால் குறையவும் கூடாது.

திரும்பி வர முடியாத வாசல்

அடுத்து, தவறு நேர்ந்தால் திருத்திக்கொள்ள வழி வேண்டும் என்ற நிபந்தனைக்கு வருவோம். 1991 மே 21 ஆம் நாள் திருப்பெரும்புதூரில் முன்னாள் பிரதமர் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். உடன் நின்ற பலரும், பணியிலிருந்த காவலர்களும் அந்தக் குண்டில் மாண்டனர். அது கொடுமையான குற்றம் என்பதில் இருவேறு கருத்துக்கு இடமில்லை. 1998 இல் தனி நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட 26 பேருக்கும் தூக்குத் தண்டனை விதித்தது. 1999 இல் உச்சநீதிமன்றம் அவர்களுள் 19 பேரைக் கொலைக் குற்றத்திலிருந்து விடுவித்தது. நால்வருக்கு மட்டும் தூக்கை உறுதி செய்தது. ஓராண்டில் 26 என்பது 4 ஆயிற்று! மேல்முறையீடு என்ற ஒன்று இல்லாதிருந்தால் அந்த 19 பேர் என்னவாகியிருப்பார்கள்?

அந்நால்வருள் ஒருவராகிய பேரறிவாளன் கைதானபோது 19 வயதினர். அவரையும் மற்ற இருவரையும் 2011 செப்டம்பர் 9 ஆம் நாள் தூக்கிலிடுவதாக நாள் குறிக்கப்பட்டது. உயர்நீதிமன்றம் தடை விதித்ததால் அது நிறைவேறவில்லை. 2013 இல், அவருடைய ஒப்புதல் வாக்குமூலத்தைப் பதிவு செய்த முன்னாள் சி.பி.ஐ. அதிகாரியே முன்வந்து, வாங்கித் தந்த மின்கலங்கள் எதற்கென்று தமக்குத் தெரியாது என அவர் கூறியதைத் தாம் எழுதாமல் விட்டதாகத் தெரிவித்தார். 2014 இல் தூக்கு ஆயுளாகக் குறைக்கப்பட்டது. 2022 மே 18 ஆம் நாள் உச்சநீதிமன்றம் அவரை விடுவித்தது. அதே ஆண்டு நவம்பரில் மற்ற ஆறு பேரும் விடுதலையாயினர்.

நீதிமன்றம் அவர்களைக் குற்றமற்றவர் என்று கூறவில்லை. விடுதலை மட்டுமே தந்தது. ஆனால் இதைச் சிந்தியுங்கள்: 2011 இல் கயிறு தன் வேலையை முடித்திருந்தால், 2013 இல் அந்த அதிகாரி கூறிய சொல் யாருக்குப் பயன்பட்டிருக்கும்? மனிதர் எழுதும் வாக்குமூலத்தில் ஒரு வரி விட்டுப் போகலாம். மனிதர் அளிக்கும் தீர்ப்பிலும் பிழை நேரலாம். சிறையின் வாசலைத் திறந்து பிழையைத் திருத்தலாம்; கல்லறையின் வாசலை நாம் திறக்க முடியாது.

விசாரணைக்கு முன்பே தண்டனை

நீதிமன்றம் இத்தனை ஆண்டுகள் ஆராய்ந்தும் பிழை நேருமென்றால், ஆராயாமலே தண்டித்தால் என்ன ஆகும்? 2019 நவம்பரில் ஐதராபாத் அருகே ஓர் இளம் கால்நடை மருத்துவர் சீரழித்துக் கொல்லப்பட்டார். டிசம்பர் 6 ஆம் நாள், கைதான நால்வரும் காவலர்களால் சுட்டுக் கொல்லப்பட்டனர். மக்கள் காவலர்கள் மீது மலர் தூவினார்கள். பெண்களுக்கு நீதி கிடைத்துவிட்டது என்றார்கள். 2022 இல் உச்சநீதிமன்றம் அமைத்த ஆணையம், காவலர்கள் கொல்லும் நோக்கத்துடனேயே சுட்டனர் என்றும், இறந்தவர்களுள் மூவர் 18 வயது நிரம்பாதவர்கள் என்றும் அறிக்கை அளித்தது. அந்த நால்வர்தாம் குற்றவாளிகளா என்பதை இனி எந்த நீதிமன்றமும் விசாரித்துச் சொல்ல முடியாது. இறந்த அந்த அக்காவுக்கு உண்மையான நீதியும் அன்றே சுடப்பட்டுவிட்டது.

நம் ஊரே இதற்கு மற்றொரு சாட்சி. 2020 ஜூனில் ஊரடங்கு நேரத்தில் கடையைத் திறந்து வைத்திருந்ததாகக் கூறி, சாத்தான்குளத்தில் ஒரு தந்தையும் மகனும் கைது செய்யப்பட்டனர். காவல் நிலையத்தில் இரவெல்லாம் அடிக்கப்பட்டு, நம் கோவில்பட்டிக் கிளைச்சிறைக்குக் கொண்டுவரப்பட்ட இருவரும் அடுத்தடுத்து உயிரிழந்தனர். உயர்நீதிமன்ற மதுரைக் கிளை தானாகவே முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது. காவலர்கள் மீது கொலைக் குற்றம் சாட்டப்பட்டது. "குற்றவாளியை விசாரிக்காமல் அடி" என்று நாம் கைதட்டினால், அந்தத் தடி எப்போதும் குற்றவாளியின் முதுகில் மட்டுமே விழும் என்பதற்கு உறுதி ஏது?

மன்னிப்பு என்பது என்ன?

"அப்படியானால் மன்னிப்புக்கு இடமே இல்லையா?" என்று கேட்கலாம். நம் பள்ளியில் ஆண்டுதோறும் ஜூலை 6 ஆம் நாள் புனித மரிய கொரற்றியை நினைவுகூர்கிறோம். 1902 இல், 11 வயதுச் சிறுமியான அவரை அலெக்சாந்தர் என்ற 20 வயது இளைஞன் கத்தியால் குத்தினான். அவர் அவனை மன்னித்து உயிர்விட்டார். ஆயினும் நீதிமன்றம் அவனுக்கு 30 ஆண்டுச் சிறை விதித்தது. 27 ஆண்டுகள் அவன் சிறையில் இருந்தான். வெளியே வந்தபின் அச்சிறுமியின் தாயிடம் சென்று மன்னிப்புக் கேட்டான், தாயும் மன்னித்தார். 1950 இல் தம் மகள் புனிதராக உயர்த்தப்பட்டதை அத்தாய் நேரில் கண்டார்.

நம் நாட்டிலும் இதற்கு இணையான ஒரு நிகழ்ச்சி உண்டு. கேரளத்தில் பிறந்து மத்தியப் பிரதேசத்து ஏழை மக்களிடையே பணியாற்றிய அருட்சகோதரி ராணி மரியா, 1995 பிப்ரவரி 25 ஆம் நாள் ஓடும் பேருந்தில் குத்திக் கொல்லப்பட்டார். 2002 இல் அவருடைய தங்கையாகிய அருட்சகோதரி செல்மி பால், கொன்றவர் இருந்த சிறைக்கே சென்று, அவர் கையில் ராக்கி கட்டித் தம் சகோதரனாக ஏற்றார். 2006 இல் அவர் விடுதலையானார்.

இவ்விரண்டிலும் ஒன்றைக் கவனியுங்கள். மன்னிப்பு தண்டனையை அழித்துவிடவில்லை. சட்டம் தன் கடமையைச் செய்தது. இழந்தவர் தம் உள்ளத்தின் பெருமையால் மன்னித்தார். மன்னிப்பது இழந்தவருக்கு மட்டுமே உரிய உரிமை. "நீ மன்னிக்கத்தான் வேண்டும்" என்று எந்தத் தாயையும் நாம் வற்புறுத்தக் கூடாது. அவர் சார்பில் அரசும் மன்னித்துவிட முடியாது. ஆனால் அந்த இளைஞன் 1902 இலேயே தூக்கிலிடப்பட்டிருந்தால், தாயிடம் வந்து மண்டியிட யார் இருந்திருப்பார்? 2018 இல் திருத்தந்தை பிரான்சிஸ், மரண தண்டனை ஏற்கத்தக்கதன்று எனத் திருச்சபையின் மறைக்கல்வி நூலில் திருத்தம் செய்தபோது, மனித மாண்பு பெருங்குற்றத்தாலும் அழிவதில்லை என்பதையே காரணமாகக் காட்டினார்.

"உன் தங்கையாக இருந்தால்?"

இவ்வளவையும் கேட்டபின் ஒருவர் என்னிடம், "கொல்லப்பட்டவள் உன் தங்கையாக இருந்தால் இப்படி எழுதுவாயா?" என்று வினவலாம். நியாயமான கேள்விதான். எழுதியிருக்க மாட்டேன் என்றே நினைக்கிறேன். என் கையில் ஒரு கத்தி இருந்தால் என்ன செய்வேனோ எனக்கே தெரியாது. ஆனால் அதனால்தானே நாகரிக சமுதாயம் அண்ணனையும் அக்காவையும் நீதிபதியின் இருக்கையில் அமர்த்துவதில்லை? ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று நம் பெரியோர் சொன்னது ஆத்திரம் தவறு என்பதற்காக அன்று. அது அளந்து பார்க்காது என்பதற்காகவே. என் கண்ணீரை மதிக்கவும் வேண்டும், என் கத்தியைப் பிடுங்கவும் வேண்டும். அதைச் செய்வதுதான் சட்டம்.

என் கண்ணீரை மதிப்பது என்றால் என்ன? விசாரணை விரைவாக நடக்க வேண்டும். சாட்சிகள் மிரட்டப்படாமல் காக்கப்பட வேண்டும். இழந்த குடும்பத்துக்கு உதவி கிடைக்க வேண்டும். 2009 இல் நடைமுறைக்கு வந்த சட்டத் திருத்தத்தின்படி, பாதிக்கப்பட்டோருக்கு இழப்பீடு வழங்க ஒவ்வொரு மாநிலமும் திட்டம் வகுக்க வேண்டும் என்று விதிக்கப்பட்டுள்ளது. இதை நம் ஊரில் எத்தனை பேர் அறிவர்? தூக்குக் கயிற்றைப் பற்றிப் பேசுவதில் பாதி நேரத்தை இதற்குக் கொடுத்தால், அழுகிற வீட்டுக்கு நாலு பேர் துணை நின்றதாகும்.

முடிவுரை

குற்றத்துக்குத் தண்டனை வேண்டும். அது இறந்தவரின் உயிருக்கு நாம் செலுத்தும் மரியாதை. ஆனால் அது தீர விசாரித்த தண்டனையாக, செய்த குற்றத்தை மிஞ்சாத தண்டனையாக, பிழை நேர்ந்தால் திருத்தக்கூடிய தண்டனையாக இருக்க வேண்டும். நீண்ட சிறைவாசம் இம்மூன்றுக்கும் இடம் தருகிறது. தூக்குக் கயிறோ மூன்றாவதற்கு ஒருபோதும் இடம் தருவதில்லை. "கொலை கூடாது" என்று கற்பிக்க விரும்பும் நாடு, கைகால் கட்டப்பட்ட ஒருவனைக் கொன்று அதைக் கற்பிக்க இயலுமா என்று எண்ணிப் பாருங்கள், தோழியரே!

நாம் நாளை ஆசிரியைகளாகலாம், வழக்கறிஞர்களாகலாம், காவல்துறை அதிகாரிகளாகலாம், நீதிபதிகளாகவும் ஆகலாம். எல்லாரும் ஏதேனும் ஒரு தெருவில், "அவனை என்ன செய்யலாம்?" என்ற கேள்வி எழும்போது அருகில் நிற்கத்தான் போகிறோம். அப்போது, "முதலில் விசாரிக்கட்டும்" என்று துணிந்து சொல்லும் ஒரு குரல் நம் குரலாக இருக்கட்டும்.